"உடம்புச் சூடு" என்று சொல்லி மறைக்கும் நோய்கள்



இன்று நான் பேசப்போவது எங்கள் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒரு விடயம். வளர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் கேட்கட்டும்.

நான் ஸ்காபரோவில் மருத்துவ மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். என்ன வருத்தம் என்று டொக்டர் கேட்டால் எங்கள் பெண்கள் பலர் "உடம்புச் சூடு" என்பார்கள். வெள்ளைபடுதல், சலம் எரிவு, அடிவயிற்று நோ எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். மொழிபெயர்க்கக் கணவரோ மகனோ வந்திருந்தால் அதுகூட வெளியே வராது.

சூட்டுக்கு மோர் குடிக்கலாம். கிளமிடியா, கொனோரியா என்ற கிருமிகளுக்கு மோர் போதாது. இவை உடலுறவால் தொற்றுபவை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இராது. கவனிக்காமல் விட்டால் கிருமி கருப்பைக்கும் பலோப்பியன் குழாய்களுக்கும் ஏறலாம். இதுதான் இடுப்பறைத் தொற்று. குழாயில் தழும்பு விழுந்தால் பிள்ளை தங்காமல் போகலாம். கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லா இடுப்பறைத் தொற்றும் உடலுறவு நோயால் வருவதல்ல என்பதையும் சொல்லவேண்டும். பெண்ணுறுப்பில் இயல்பாக வாழும் கிருமிகளாலும் வரலாம்.

"கனடா வரமுன்னமே மெடிக்கல் செய்தாச்சு, ஒன்றுமில்லை" என்று சிலர் சொல்வார்கள். குடிவரவு மருத்துவச் சோதனையில் சிபிலிஸும், 2002 முதல் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். கிளமிடியா அதில் இல்லை.

சோதனை கடினமானதல்ல. சலம் கொடுத்தால் போதும், அல்லது பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுப்பார்கள். சிபிலிஸுக்கு இரத்தம். இடுப்பறைத் தொற்றுக்கு டொக்டர் கையால் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். பெண் டொக்டர் வேண்டுமென்று கேட்கலாம்.

கிளமிடியாவுக்குப் பெரும்பாலும் ஏழு நாள் மாத்திரை. கொனோரியாவுக்கு ஊசி. இடுப்பறைத் தொற்றுக்கு ஊசியோடு இரண்டு கிழமை மாத்திரை. நோ குறைந்ததும் மருந்தை நிறுத்தக்கூடாது. துணைவருக்கும் மருந்து கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் தொற்றும். இருவரும் மருந்து எடுத்து முடிந்து ஏழு நாள் ஆகும்வரை உறவு கூடாது. கடும் நோ, காய்ச்சல், வாந்தி, அல்லது மாதவிலக்குத் தள்ளிப்போய் ஒரு பக்கம் நோ என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கிளமிடியா மாதக்கணக்கில், சிலவேளை அதற்கும் மேலாக, சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. எனவே சோதனை முடிவு வந்த அன்றே "யாரிடம் போனாய்?" என்று வீட்டில் நீதிமன்றம் கூட்டவேண்டாம். முதலில் மருந்து.

இரகசியம் வெளியே போகுமோ என்ற பயமும் உண்டு. ஒன்ராறியோ சட்டப்படி இந்த நோய்கள் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கப்படும். தொற்றியிருக்கக்கூடிய மற்றவருக்கும் மருந்து கிடைப்பதற்காகவே அது. வேலைத்தலத்துக்குச் சொல்வதற்கல்ல. ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் பாலியல் நலக் கிளினிக்குகளில் சோதனையும் மருந்தும் இலவசம். ஓஹிப் காட் இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதும் எங்கள் வேலைதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரரின் கதை என்று நினைக்கவேண்டாம். ஊரில் கர்ப்பிணித் தாய்மாருக்கு சிபிலிஸ் சோதனை வழமையாகவே செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வெட்கப்படாமல் இரத்தம் கொடுத்த தாய்மாரால் வந்த பெருமை அது.

அடுத்தமுறை டொக்டரிடம் போகும்போது "சூடு" என்று சொல்லாதீர்கள். எங்கே நோகிறது, எத்தனை நாளாக, என்ன நிறத்தில் படுகிறது என்று சொல்லுங்கள். மிச்சத்தை நாங்கள் மொழிபெயர்க்கிறோம்.