வயல்ல வேலை செய்யறவரு

(அக்டோபர் 14 தம்ம ஏற்பு நாளையொட்டித் திருச்சியில் நண்பர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)



பௌத்தமும் மனப் பயிற்சியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பாலி படித்த அறிஞன் இல்லை. வங்கியில் எழுத்தர் வேலை, அப்பப்ப கவிதை. அதனால நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி மட்டும் பேசறேன்.

வேலை கிடைத்த புதிதில் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். என்ன சாதி என்று யாரும் நேராகக் கேட்கவில்லை. "அசைவம் உண்டா? சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். நாலாவது வீட்டில் பொய் சொன்னேன். வீடு கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அப்பா வந்து நின்றார். லால்குடிப் பக்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். கையில் மஞ்சப்பை, அதில் ஒரு சீப்புப் பூவன்பழம். திண்ணையில் இருந்த வீட்டுக்காரர், "யாரு சார் இது?" என்றார்.

"எங்க வயல்ல வேலை செய்யறவரு"ன்னு சொல்லிட்டேன்.

எங்களுக்கு வயலே கிடையாது. அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பையைத் திண்ணையோரம் வைத்துவிட்டு, "அப்ப நான் வர்றேனுங்க தம்பி" என்றார். ஆண்டைகளிடம் பேசுகிற அதே குரல். என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழாவது மாதம் இறந்துவிட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு என் கவிதைகளில் கோபம் கூடியது. நண்பர்கள் பாராட்டினார்கள். அதில் பாதிக்கு மேல் என்மேலேயே எனக்கிருந்த கோபம். குடித்தேன். கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினேன். எந்த மூஞ்சியோட வர்றது?

விவரம் எதுவும் தெரியாத நண்பர் ஒருவர், "அம்மா மண்டபத்துல ஒரு முழுக்குப் போட்டு அப்பாவுக்குத் தர்ப்பணம் குடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். தேரிகாதையில் புண்ணிகா வருகிறாள். தண்ணீர் சுமந்த அடிமைப் பெண், பிறகு பிக்குணியானவள். குளிரில் ஆற்றில் முங்கிப் பாவம் கழுவிய பார்ப்பனரை அவள் மடக்குகிறாள்: தண்ணீரால் பாவம் போகுமென்றால் தவளையும் ஆமையும் முதலில் சொர்க்கம் போகுமே! காவிரிக்கும் அதுதான் பதில்.

நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் களவாடித்தான் திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் திருப்பணி செய்தார் என்று வைணவக் குருபரம்பரைக் கதையே சொல்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டுதான் நான் புத்தரைப் படிக்க ஆரம்பித்தேன்.

மனதை மறைக்கும் ஐந்து தடைகளுக்குத் தீக நிகாயத்தில் ஐந்து உவமைகள் உண்டு. ஆசை, கடன் மாதிரி. வெறுப்பு, நோய் மாதிரி. சோம்பல், சிறை. ஐயம், பாலைவழி. மனக் கொந்தளிப்பும் செய்ததை நினைத்துப் புழுங்குவதும் அடிமைத்தனம். வங்கிக்காரனுக்குக் கடன் உவமை சுலபமாகப் புரிந்தது. அடிமை உவமைதான் உலுக்கியது. புழுங்கிக்கொண்டிருப்பதை நான் நேர்மை என்று நினைத்திருந்தேன். நினைத்த இடத்துக்குப் போக முடியாதவன் அடிமை. நான் அந்தத் திண்ணையை விட்டு எங்கேயும் போக முடியாதவனாக இருந்தேன்.

காலையில் இருபது நிமிஷம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தேன். சதிபட்டான சுத்தத்தில் 'சதி' என்றால் சூழ்ச்சி இல்லை, விழிப்பு. உடலில் நடப்பதை உடலாகப் பார், மனதில் வருவதை மனமாகப் பார். தொண்டை அடைக்கும், வயிறு இறுகும். "நீ அயோக்கியன்" என்று ஒரு தீர்ப்பு வரும். அதையும் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் போகும், திரும்ப வரும். பல வாரம் கழித்து அதற்கடியில் வேறொன்று தெரிந்தது. பயம். "யாரு சார்?" என்ற நொடியில் வயிற்றில் எழுந்த பயம். அது எனக்கு முன்பே, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்த பயம்.

இங்கே கணக்கைப் பிரித்து எழுத வேண்டும் தோழர்களே. வீடு தர மறுப்பது சாதியின் குற்றம். அந்தப் பயத்தை ஊட்டியதும் சாதியின் குற்றம். அப்பாவை மறுத்த வாய் என்னுடையது. முதல் இரண்டையும் என் கணக்கில் எழுதியதால்தான் நசுங்கினேன். மூன்றாவதையும் சாதியின் கணக்கில் தள்ளினால் தப்பிக்கலாம், திருந்த முடியாது.

1917இல் பரோடாவில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர்! விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். இரவு ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். பெயரை மாற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை.

புத்தர் தன் மகன் ராகுலனிடம் கேட்டார்: கண்ணாடி எதற்கு? பார்க்க. அப்படியே ஒரு செயலை, செய்யும் முன்னும் செய்யும்போதும் செய்த பின்னும் பார். தவறென்று தெரிந்தால் நல்லவர்களிடம் வெளிப்படையாகச் சொல், இனிச் செய்யாதே. பரிகாரம், தட்சிணை எதுவும் இல்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னது: "அன்னிக்கு ராத்திரியே அப்பா சொல்லிட்டாரு. புள்ள பயந்துட்டான்னாரு."

எனக்குப் பல வாரம் கழித்துத் தெரிந்தது, அப்பாவுக்கு அந்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்திருக்கிறது.

பிறகு வீட்டுக்காரரிடமும் உண்மையைச் சொன்னேன். அந்த மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது உறையூர்ப் பக்கம் இருக்கிறேன், அம்மாவோடு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தன்னை மன்னிப்பது சாதியை மன்னிப்பது ஆகாது. இன்று நிறுவனங்களில் மன அழுத்தம் குறையத் தியானம் சொல்லித் தருகிறார்கள். மூச்சைப் பார், அழுத்துகிறவனைப் பார்க்காதே என்கிற தியானம் அது. நமக்கு வேண்டியது அதுவல்ல. 1956இல் இதே நாளில் நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களுக்குத் தந்த 22 உறுதிமொழிகளில் பொய் சொல்ல மாட்டேன் என்பதும் ஒன்று. புழுக்கத்திலிருந்து வெளியே வந்தவன்தான் அதைக் காப்பாற்ற முடியும், கூட்டத்துக்கும் வர முடியும்.

வீட்டுக்காக, விடுதிக்காக, ஒரு சிநேகத்துக்காக ஊரையும் தெருவையும் மறைத்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். மேடையில் வந்து சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. அப்பா உயிரோட இருந்தா, முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க.

ஜெய்பீம்.