மிகைக் காவல்

கணினியின் திரை ஒளிர்வது பார்ப்போர்க்கு ஒரு கணத்துச் செயல். எனினும் அக்கணத்துள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் திரைக்கு மின்சாரம், சில மில்லி விநாடிகள் பொறுத்து ஆணைகள், இறுதியிலேயே பின்னொளி. அணைக்கும்போது இவை தலைகீழாக நிகழும். இவ்வொழுங்கைக் காக்கும் நிரலே திரை இயக்கி எனப்படுவது.

1991 இல் பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அதன் கருவிலே வெவ்வேறு திரைகளுக்கெனப் பல இயக்கிகள் உள. அவற்றுட் பலவற்றில் ஒரே சோதனை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது: திரை முன்னரே ஆயத்தமாகிவிட்டதாயின், ஒன்றுஞ் செய்யாது திரும்புக என்பது அது. காரணமின்றி எவரும் அதனை எழுதினாரல்லர். மின்வழங்கியை எத்தனை முறை இயக்கினர் என்பதை லினக்ஸ் எண்ணி வைத்திருக்கும். இருமுறை ஏற்றி ஒருமுறை மட்டும் இறக்கினால் கணக்குச் சுழியத்தை அடையாது. திரை இருண்ட பின்னும் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். கைபேசியாயின் மின்கலம் வீணே வற்றும்.

2023 இல் இச்சோதனை எல்லாத் திரைகளுக்கும் பொதுவான நடுப்பகுதியிலேயே வைக்கப்பட்டது. பின்னர் வாயில்தோறும் வேறொரு காவலாளி எதற்கு? பழைய காவலில் வேறொரு குறையும் இருந்தது: தவறான அழைப்பை அது ஓசையின்றி விழுங்கிவிடும். நடுப்பகுதியோ எச்சரிக்கை எழுதி வைக்கும்; பிழை எங்கே என்று தேடுவோர்க்கு அதுவே தடயம். ஆகவே 2024 இல் பெரும்பாலான இயக்கிகளிலிருந்து பழைய சோதனை நீக்கப்பட்டது.

பெரும்பாலான என்று கூறுவது வேண்டுமென்றேதான். சில இயக்கிகள், கணினி நிறுத்தப்படும் வேளையில், நடுப்பகுதியைக் கேளாது தம் அணைப்புச் செயலைத் தாமே அழைத்து வந்தன. அங்கே நடுக்காவலின் கண் எட்டாது. கண்மூடி நீக்கியிருப்பின், அணைந்த திரையை மீண்டும் அணைக்கும் பிழை நேர்ந்திருக்கும். ஆதலால், யார் எவ்வழியே அழைக்கின்றார் என்று இயக்கி இயக்கியாக ஆராய வேண்டியதாயிற்று. சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் மெய்யான உழைப்பு அதுவே. வரிகளை அழிப்பது எவர்க்கும் எளிது.

ஆராயாது விட்டதன் விலையை விண்வெளித் துறை அறியும். 1996 யூன் 4 ஆம் நாள் பிரெஞ்சு கயானாவிலிருந்து எழுந்த ஏரியன் 5 ஏவூர்தி, ஏறத்தாழ 40 விநாடிகளிற் சிதறியது. அதன் வழிகாட்டும் கருவியில், 64 பிற்று எண்ணொன்றை 16 பிற்றுக்குள் அடக்கும் இடத்தில், காப்புச் சோதனை வைக்கப்படவில்லை. அவ்வளவு பெரிய எண் வாராது என்று முன்னர்க் கணித்திருந்தனர். ஏரியன் 4 ஐப் பொறுத்தவரை அக்கணிப்புச் சரியே. புதிய ஊர்தியோ அதனினும் விரைவாகக் கிடைத்திசையிற் சென்றது.