‘ஓம்’ மட்டும் போதாது
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் எழுந்தால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். இத்தனை பேர் பறந்து வந்திருப்பதால், விமானங்களின் வானொலியைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளில் தண்ணீரூற்றில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மின்சாரம் இல்லை, பற்றரி கிடைப்பது அரிது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். இரவில் இரண்டு நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் ‘கூ’ என்று விசில் எழும், செய்தி போய்விடும். இரண்டு அலைகளின் அதிர்வெண்ணுக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசம்தான் அந்தச் சத்தம்.

விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையில் பேசுகிறார்கள். முறை மட்டும் அதே பழைய ஏஎம். எப்எம்மில் பலமான குரல் மெல்லிய குரலை விழுங்கிவிடும். இன்னொருவர் கூப்பிட்டதே தெரியாது. ஏஎம்மில் விசிலாவது கேட்கும்.

1977 மார்ச் 27, கனேரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃப். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள், ஒன்று கேஎல்எம், மற்றது பான் அமெரிக்கன். கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை. கேஎல்எம் விமானி அனுமதி கிடைக்குமுன்பே ஓடத் தொடங்கினார். துணை விமானி அறிவித்த வார்த்தைகளைக் கோபுரம், ‘புறப்படத் தயாராக நிற்கிறோம்’ என்று விளங்கிக்கொண்டது. ‘ஓகே’ என்றது; சற்று நிறுத்தி, காத்திருக்கச் சொன்னது. அதே கணத்தில் பான் அமெரிக்கன், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகக் கூப்பிட்டது. இரண்டில் எது தனியாகக் கேட்டிருந்தாலும் எச்சரிக்கையாக இருந்திருக்கும். கேஎல்எம் அறைக்குள் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டும். பிறகு ஏறக்குறைய நாலு விநாடி விசில். 583 பேர் இறந்தார்கள்.

விசிலை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அதன் பிறகும், மற்ற விமானம் விலகிவிட்டதா என்று பொறியியலாளர் கேட்டார். அனுபவம் மிக்க தலைமை விமானி உறுதியாகப் பதில் சொல்ல, அவர் அடங்கிவிட்டார். எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

அதன் பிறகு விமானத்துறை மாறியது. ‘டேக் ஓஃப்’ என்ற சொல், புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்துச்செய்யும்போதும் மட்டுமே பேசப்படும். வெறும் ‘ஓகே’ செல்லாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். இளையவர் மூத்தவரைக் கேள்வி கேட்கவும் தனிப் பயிற்சி வந்தது.

எங்கள் தொழிலுக்கும் இது வேண்டும். இரவில் தொலைபேசியில் மருந்தளவு சொல்கிறோம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுதான். விமானிகளைப் போல ‘ஒன்று, ஐந்து’ என்று பிரித்துச் சொன்னால் குழப்பமில்லை. ஆனால் மறுமுனையில் வருவது, ‘ஓம் டொக்டர்.’ விளங்கியதா, பயமா, மரியாதையா? அந்த ‘ஓம்’ எதையும் சொல்லாது.

பெரியவர்கள் சொன்னால் ‘ஓம்’ என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ‘விளங்கேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ’ என்று கேட்க நான் பழகியது வேலைக்குப் போன பிறகுதான். இங்கே தாதியராக இருக்கும் சகோதரிகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அதிபர் அவர்களே, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இப்போதே கேட்க விடுங்கள்.

என் வார்டில் இப்போது, அளவைத் திருப்பிச் சொல்லும்வரை நான் தொலைபேசியை வைப்பதில்லை.