பிள்ளை பெற்றவளும் கிட்னி வரிசையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கடன், சேமிப்புன்னு பேசுற மேடையில கிட்னி பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. நம்ம பெண்களுக்கு மட்டும் அதிகமா வர்ற ஒரு சிக்கலைத்தான் சொல்லப் போறேன்.

ரத்த வகை பொருந்தினா கிட்னி வைக்கலாம்னு நிறையப் பேர் நினைக்கிறோம். அது போதாது. நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் இருந்தால், புதுக் கிட்னியை உடம்பே தாக்கும். அதனால் முன்கூட்டியே கிராஸ்மேட்ச் சோதனை செய்வார்கள். பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் அந்தக் கிட்னி வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

இந்த ஆன்டிபாடி எப்படி வருது? ரத்தம் ஏற்றினால் வரலாம், முன்பு வைத்த கிட்னியால் வரலாம், பிள்ளை பெற்றாலும் வரலாம். வயிற்றுப் பிள்ளையிடம் பாதி அப்பாவின் கூறு. அதை அந்நியமாகப் பார்த்துத் தாயின் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கும். எல்லாருக்கும் வராது, கர்ப்பம் கூடக்கூட வாய்ப்பு கூடும். கலைந்த கர்ப்பமும் கணக்குதான். அதனால்தான் புருஷன் மனசார கிட்னி தர வந்தாலும், பெற்ற பிள்ளையே தர வந்தாலும், சில பெண்களுக்குச் சேராமல் போகிறது. மனைவி புருஷனுக்குத் தரும்போது இந்தத் தடை இல்லை. அவர் பிள்ளை பெறலையே!

இதை பி.ஆர்.ஏ. என்று சதவீதத்தில் சொல்வார்கள். 80 என்றால், நூறு பேர் கொடுத்தாலும் ஏறக்குறைய 80 பேருடையது சேராது. வரிசையில் முதலில் நின்றும் பயனில்லை.

இங்கேதான் விதி முக்கியம். மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னியைப் பங்கிட, தேசிய அமைப்பான நோட்டோவின் வழிகாட்டுதலில் டயாலிசிஸ் செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1 புள்ளி. பி.ஆர்.ஏ. 20-க்கு மேல் ஒவ்வொரு பத்துக்கும் அரைப் புள்ளி. நூறு சதவீதம் உள்ளவளுக்குக் கிடைப்பது 4 புள்ளி, அதாவது நாலு மாத டயாலிசிஸ்! அமெரிக்காவில் 2014 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். அங்கே ஒரு வருடக் காத்திருப்புக்கு 1 புள்ளி. நூறு சதவீதத்துக்கு 202 புள்ளி. அத்தோடு நாட்டின் எந்த மூலையில் பொருந்தும் கிட்னி கிடைத்தாலும் முன்னுரிமை. நம்ம அரைப் புள்ளி ரொம்பக் குறைச்சல்னுதான் நான் சொல்வேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், பதியும்போதே கேளுங்க.

வீட்டில் கொடுக்க ஆள் இருந்தும் சேரலையா? 2011 சட்டத் திருத்தம் ஸ்வாப் முறையை அனுமதிக்கிறது. உங்க வீட்டுக்காரர் கிட்னி இன்னொரு குடும்பத்துக்கு, அவங்க வீட்டுக் கிட்னி உங்களுக்கு. காசு கைமாறக் கூடாது.

கிட்னி கோளாறுள்ள பெண்ணுக்கு ரத்தம் ஏற்றணும்னா, ஊசி மருந்தில் சமாளிக்க முடியுமான்னு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. அவசரத்தில் மட்டும் மறுத்துடாதீங்க, உயிர் முக்கியம். எத்தனை பிரசவம், எத்தனை கலைப்பு, எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள், எல்லாத்தையும் கூச்சப்படாம சொல்லுங்க. பதிந்த பிறகு ரத்தம் ஏற்றினால் மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவித்து, புது ரத்த மாதிரி கொடுங்க. பழைய மாதிரியில் புது ஆன்டிபாடி தெரியாது.