ஆற்றுப்படுத்தும் நட்பு: இசையும் நினைவும் மொழியும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் இசையிலக்கணம் அன்று. அதைச் சொல்லத் தக்கவர்கள் வேறு உளர். நமக்குப் பிடித்த பாடகரும் இசையமைப்பாளரும் கருவியிசைக் கலைஞரும் நம்மிடம் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதே நம் பொருள். ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஐந்து இசைக்கலைஞரின் பெயர்களை மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பாருங்கள். அவற்றுள் சிலவற்றின் பின்னாலேனும் இன்னொரு பெயர் நிற்கும். அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, ஒரே பேருந்தில் பள்ளிக்கு வந்த தோழி, தேசிய சேவையில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த நண்பன் என அப்பெயர் யாருடையதாகவும் இருக்கலாம். அவர்தான் ஒருநாள் "இதைக் கேட்டுப் பார்" என்று சொன்னவர். அந்தச் சொல்லும் அதைத் தொடர்ந்து வந்த பேச்சும் மொழிக்கு என்ன செய்தன, அவை அற்றுப்போனால் மொழி எதை இழக்கும் என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

பாணர் காட்டிய வழி

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். திருமுருகாற்றுப்படை இறைவனிடம் வழிப்படுத்துகிறது. ஏனைய நான்கும் பொருநரையும் பாணரையும் கூத்தரையும் வள்ளலிடம் வழிப்படுத்துகின்றன. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் கலைஞரைக் காண்கிறார். தம் பழைய நிலையைச் சொல்கிறார். தாம் பெற்றதைச் சொல்கிறார். செல்ல வேண்டிய வழியையும் அங்குக் கிடைக்கப்போவதையும் சொல்கிறார். "நான் பெற்றேன், வழி இது, நீயும் பெறுவாய்" என்னும் மூன்று கூறுகளில் அவ்விலக்கிய வகை நிற்கிறது. முதற்கூறுதான் மற்ற இரண்டுக்கும் சான்று. தாம் பெறாத ஒன்றுக்கு எவரும் வழிகாட்டி ஆவதில்லை.

நண்பர் நமக்கு ஒரு பாடகரை அறிமுகப்படுத்தும்போது நிகழ்வதும் இதுவே. ஆனால் திசை மாறுகிறது. இங்கே கலைஞர் வள்ளலாகிறார், கேட்போர் இரவலராகிறோம்.

தமிழில் "கேள்" என்னும் வினைக்குச் செவியால் உணர்தல், வினவுதல் என இரு பொருள் உண்டு. "கேள்" என்னும் பெயர்ச்சொல்லுக்கு உறவு, நட்பு என்று பொருள். கேளிர், கேண்மை ஆகிய சொற்கள் இதன்வழி வந்தவை. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு வேரும் ஒன்றே எனத் துணிவது மொழியியலார்க்கு ஆகாது. ஆயினும் செவிமடுத்தலும் வினவுதலும் நட்பும் ஒரே ஒலிவடிவில் நிற்பது, நாம் பேசவிருப்பதை நினைவில் வைத்துக்கொள்ள நல்லதொரு துணை.

"சிந்தா"வும் "பக்தி"யும்

1973ஆம் ஆண்டு மே மாதம் பி. ரம்லி மறைந்தார். பினாங்கில் 1929இல் பிறந்து, சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் நடிகராகவும் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் இயக்குநராகவும் வளர்ந்தவர் அவர். நாங்கள் அப்போது பள்ளி மாணவர்கள். அவர் பெயரை அறிந்திருந்தோம். பாடல்களை வானொலியில் கேட்டும் இருந்தோம். ஆனால் நின்று கேட்டதில்லை. எங்கள் வகுப்பிலிருந்த மலாய் நண்பர் ஒருவர் அந்த வாரம் முழுவதும் இடைவேளையில் ரம்லியைப் பற்றியே பேசினார். ஒரு வரியைப் பாடிக்காட்டுவார், நிறுத்துவார், "இந்த இடத்தில் குரலை எப்படி இறக்குகிறார், பார்த்தாயா?" என்பார். வீட்டில் அவருடைய தந்தையார் வானொலிப் பெட்டியின் பக்கத்திலேயே அமர்ந்திருந்ததையும் சொன்னார். அதன்பின் ரம்லியின் குரல் எங்களுக்கு வெறும் வானொலிக் குரலாக இருக்கவில்லை. அதை எப்போது கேட்டாலும், நாங்கள் கண்டிராத அந்தத் தந்தையாரும் கூடவே வந்து அமர்வார்.

ரம்லி 1948இல் "சிந்தா" என்னும் படத்தில் அறிமுகமானார். அதை இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் "பக்தி" படத்தில் கதாநாயகனாக நடித்தார். அதன் இயக்குநர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். படப்பெயர்களை நண்பர் சொன்னபோது நாங்கள் வியந்தோம். மலாயில் "சிந்தா" என்றால் காதல் என்றார். தமிழில் சிந்தை என்றால் மனம் என்றோம். "பக்தி" அவர்க்குத் தொண்டு. எங்களுக்கு இறைவழிபாட்டின் உருக்கம். குரலுக்கு அவர் சொன்ன "சுவாரா", நாம் சுரம் என்று வழங்கும் வடசொல்லின் உறவு. அவர் ராகத்தின் சாயலுக்குச் சொன்ன "நாடா", நம் நாதத்தின் உறவு. ஒரே சொற்கள் இரண்டு கரைகளில் இறங்கிப் பொருள் மாறியிருந்தன. ஒப்பீட்டுச் சொல்லாய்வின் முதற்பாடம் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பாடகரின் மறைவை ஒட்டி, நண்பர் ஒருவரின் வாயிலாக.

மலாய்க்கும் தமிழுக்கும் பொதுவான இலக்கணக்கூறு ஒன்றும் அப்போது புலப்பட்டது. முன்னிலையாரை உட்படுத்தும் "நாம்", விலக்கும் "நாங்கள்" என்னும் வேறுபாடு தமிழுக்கு உண்டு. "கிதா", "காமி" என்று மலாய்க்கும் உண்டு. ரம்லியைப் பற்றி "காமி" என்று பேசத் தொடங்கிய நண்பர், வார இறுதியில் "கிதா" என்றே சொன்னார்.

அட்டையில் எழுதிய தமிழ்

1976இல் "அன்னக்கிளி" வெளிவந்தது. இளையராஜா இசையமைத்த முதல் படம். எங்களிடம் அவ்விசை வந்து சேர்ந்தது ஒலிநாடா வழியாக. ஒருவரிடம் மூலநாடா இருக்கும். பத்துப் பேர் அதிலிருந்து பதிவு செய்துகொள்வார்கள். அறுபது நிமிட நாடா வாங்குவதா, தொண்ணூறு நிமிட நாடா வாங்குவதா என்பது கைச்செலவுப் பணத்தைப் பொறுத்தது. நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்வோம்.

நாம் இங்கு உற்றுநோக்க விரும்புவது நாடாப் பெட்டிக்குள் இருக்கும் மடித்த அட்டையை. அதில் பாடல், படம், பாடியவர் என்று நண்பர் தம் கையால் எழுதித் தருவார். சிலர் எஸ். ஜானகியின் பெயருக்கு அருகே ஒரு விண்மீன் வரைவார்கள். "இரண்டாம் சரணத்தைத் தவறவிடாதே", "இரவில் கேள்" என்று குறிப்பும் இருக்கும். எம் தலைமுறையில் பலர், ஆசிரியர் பணிக்காமல், மதிப்பெண் எதிர்பாராமல், தாமே விரும்பி எழுதிய முதல் தமிழ் அந்த அட்டையில்தான் இருந்தது. எழுத்துப்பிழைகள் இருந்தன, லகர ளகர மயக்கமும் இருந்தது. ஆயினும் அது உயிருள்ள எழுத்து. எழுதியவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. படிப்பவர் இன்னார் என்றும் தெரிந்திருந்தது.

அந்த அட்டைகளை எழுதிய தோழர்களுள் ஒருவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் பதிவு செய்து தந்த நாடா பூஞ்சை படிந்து ஓடாமற் போயிற்று. அதிலுள்ள பாடல்கள் யாவும் இன்று கைப்பேசியில் தெளிவாகக் கிடைக்கின்றன. கிடைக்காதது அந்த நாடாவில் மூன்றாம் பாடலுக்கும் நான்காம் பாடலுக்கும் இடையே தவறிப் பதிவாகியிருந்த அவருடைய இருமல் ஒலி. இன்றும் மூன்றாம் பாடல் முடிந்தவுடன் எங்கள் செவி அதற்காகக் காத்திருக்கிறது.

சிதம்பரத்தில் கிடைத்த சொற்கள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற ஆண்டுகளில் இசை பயிலும் மாணவர் ஒருவர் நண்பரானார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரத்தை எங்களுக்குக் காட்டியவர் அவர். 1898இல் பிறந்து 1956இல் மறைந்தவர் பிள்ளை; நாங்கள் பிறப்பதற்கு முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. அவருடைய தோடி புகழ்பெற்றது. ஆனால் முதல்முறை கேட்டபோது எங்களுக்கு அது திருமண வீட்டு ஒலியாகவே பட்டது. சிங்கப்பூரில் நாதசுரத்தை நாங்கள் அறிந்திருந்ததெல்லாம் கோயிலிலும் திருமணத்திலும், பேச்சொலிகளுக்கு நடுவே.

நண்பர் பொறுமையாகச் சொற்களைத் தந்தார். ஒரு சுரத்தில் நீண்டு நிற்பது கார்வை. ராகத்தை இன்னதென்று காட்டிக்கொடுக்கும் சொற்றொடர் போன்ற சுரக்கோவை பிடி. ஒரே வரியைப் பலவாறு வளர்த்துப் பாடுவது சங்கதி. இடைவிடாமல் சுருதி தருவது ஒத்து. நாதசுரக்காரர் வாயில் வைத்து ஊதும் சிறு நாக்கு சீவாளி. பிடி, சங்கதி போன்றவை நாம் அன்றாடம் வழங்கும் சொற்களே; இசைவாணர் கையில் நுட்பமான பொருள் பெற்றவை. அகராதி இப்பொருள்களைத் தரும். ஆனால் "இதோ, இதுதான் கார்வை, மூச்சை எங்கே எடுக்கிறார் என்று தேடு" என்று நண்பர் விரலை உயர்த்திய நொடியில்தான் அச்சொல் எங்கள் சொல்லாயிற்று. சொல் வந்தபின் செவியும் மாறியது. பெயரில்லாமல் கடந்துபோன ஒலிகள் பெயர் பெற்றவுடன் தனித்தனியே நின்றன.

நேயரும் கருவியும்

வானொலி நிலையம் நம் நண்பர் அன்று. ஆனால் தமிழ் வானொலி தன் கேட்பாளரை "நேயர்" என்று அழைத்தது. நேயம் கொண்டவர் என்பது அதன் பொருள். "நேயர் விருப்பம்" நிகழ்ச்சியில் பாடலுக்கு முன் அதை விரும்பிக் கேட்டவர் பெயர்கள் படிக்கப்பட்டன. முகமறியா ஒருவர் நம்மை ஆற்றுப்படுத்தினார்.

இன்று இசைச் செயலிகள் நாம் கேட்டவற்றைக் கணக்கிட்டு, அடுத்து எதைக் கேட்போம் என்று கணிக்கின்றன. இதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. உட்லண்ட்ஸில் வாழும் மாணவர் ஒருவர் நள்ளிரவில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கண்டடைய அவை உதவுகின்றன. எம் தலைமுறைக்கு அந்த வசதி இருந்ததில்லை. ஆனால் ஆற்றுப்படையின் மூன்று கூறுகளோடு ஒப்பிட்டால் குறை தெரியும். வழி உண்டு, "நீ பெறுவாய்" என்னும் கணிப்பும் உண்டு. "நான் பெற்றேன்" என்பது இல்லை. பரிந்துரைப் பட்டியலிடம் "உனக்கு இது ஏன் பிடித்தது?" என்று நாம் வினவ முடியாது, பிடித்தல் என்பது அதற்கு நேர்ந்ததில்லை. நாமும் அதற்கு மறுமொழி கூற வேண்டியதில்லை. பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

இங்கேதான் மொழியின் நிலை கவலைக்குரியதாகிறது. சிங்கப்பூரில் வசிக்கும் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இதே பத்தாண்டுகளில் தமிழ்ப் பாடல்கள் முன்னெப்போதையும்விட எளிதாகக் கிடைக்கலாயின. நம் மாணவர்கள் தமிழ்ப்பாட்டைக் கேட்கிறார்கள். வரிகளை மனப்பாடமாகவும் பாடுகிறார்கள். ஆனால் அப்பாட்டைப் பற்றித் தோழரிடம் பேச ஆங்கிலத்துக்குச் செல்கிறார்கள். பாட்டு தமிழில் இருக்க, பாட்டைப் பற்றிய பேச்சு தமிழைவிட்டு நீங்குகிறது. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஏற்புத்திறன். தாமே சொல்லும் திறன் ஆக்கத்திறன். முன்னது மட்டும் எஞ்சிய மொழியை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றித் தருவது அரிது. கேட்டதை ஒருவர்க்கு எடுத்துரைக்கும்போதே ஏற்பு ஆக்கமாகிறது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது சிறிய பயிற்சி ஒன்று. மாணவர் தமக்கு விருப்பமான இசைக்கலைஞரை வகுப்பிலுள்ள ஒரு தோழர்க்கு ஐந்து வாக்கியங்களில் ஆற்றுப்படுத்தட்டும். யார் சொல்லி அறிந்தேன்; எங்கே, எந்நிலையில் கேட்டேன்; அக்குரலில் அல்லது கருவியில் என்னைப் பிடித்தது எது; எந்தப் பாடலில் எந்த இடத்தில் கவனிக்க வேண்டும்; கேட்டால் நீ என்ன பெறுவாய். கேட்ட தோழர் ஒரு வாரம் கழித்துத் தமிழில் மறுமொழி சொல்லட்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும் தக்க மறுமொழியே, காரணம் சொன்னால். கலைஞர் எம்மொழியில் பாடுபவராகவும் இருக்கலாம். அவரைப் பற்றிய பேச்சு தமிழில் இருந்தால் போதும்.

முதல் முறையில் பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டா. மாணவர் சொல்லுக்குத் திணறும் இடத்தில் கார்வை, குழைவு, நடை, சங்கதி என ஒரு சொல்லை எடுத்துக் கொடுங்கள். சொல் தேவைப்பட்ட நொடியில் கிடைத்தால் மறப்பதில்லை.

மாணவச் செல்வங்களே, வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடமும் கேளுங்கள். "உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்?" என்றால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "அவரை உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று வினவுங்கள். தேக்கா, செம்பவாங், ஈப்போ, நாகப்பட்டினம் என்று ஊர்களும், கப்பலும், இழந்த தோழர்களும் வரக்கூடும். அதை எழுதி வையுங்கள். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் அவற்றை வாசிக்க ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். முதலில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு பெயரையும் அதற்குரிய காரணத்தையும் தமிழில் சொல்லிவிட்டு எழுந்து செல்லுங்கள்.