கால்விரிப்பில் ஈரம்: ஏர்கானா, ஹீட்டரா?



சிங்கப்பூரில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஏர்கான் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் சூடான காற்று வருகிறதா? அப்படியானால் உங்கள் காரிலும் ஹீட்டர் இருக்கிறது. வெப்ப நாடுகளுக்கென்று தயாராகும் சில மாடல்களில்தான் அதை விட்டுவிடுகிறார்கள்.

அது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். இஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் ஒரு குழாயில் உள்ளே போய் இன்னொரு குழாயில் திரும்புகிறது. நாம் குமிழைத் தொடாவிட்டாலும் பல கார்களில் இந்த ஓட்டம் நிற்பதில்லை. அதனால் பயன்படுத்தாத ஹீட்டரும் அரித்து ஓட்டையாகும். வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டு முடிந்து, இன்னும் 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

தேக்கா சந்தையில் மீன் வாங்கிவந்து முன்னிருக்கைக்குக் கீழே வைக்கிறார் ஒருவர். கால்விரிப்பு ஈரமாக இருக்கிறது. மீன் பை ஒழுகிவிட்டது என்று முதலில் நினைக்கிறார். மறுநாளும் ஈரம். ஏர்கான் தண்ணீராக இருக்கும் என்று விட்டுவிடுகிறார். நம்மில் பலர் செய்வது இதைத்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சில வேளைகளில் இருக்காது, அங்கேதான் சிக்கல்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரு வெள்ளை டிஷ்யூவை ஈரத்தில் அழுத்திப் பாருங்கள். நிறமில்லை, பிசுபிசுப்பில்லை என்றால் அது ஏர்கான் தண்ணீராக இருக்கலாம். ஏர்கானை ஓடவிட்டு நிறுத்திய காருக்கு அடியில் வழக்கமாகச் சொட்டும் தண்ணீர் சொட்டவில்லையா? வடிகுழாய் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் போதும். பச்சையோ இளஞ்சிவப்போ ஒட்டி, பிசுபிசுத்து, இனிப்பான வாடை அடித்தால் அது கூலன்ட். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பூச்சு போன்ற மங்கலும் படியும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது நஞ்சு.

கூலன்ட் குறைந்த காருடன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்ட முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறோம். கூலன்ட் அளவைப் பார்க்கச் சட்டமில்லை, யாரும் பார்ப்பதுமில்லை! பினாங்கு போகும் வழியில் இஞ்சின் கொதித்தால், சிலிண்டர் ஹெட் வளைந்து ஹீட்டரைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். கூலன்ட் மிகவும் குறைந்துவிட்டால் வெப்பமானிகூடச் சரியாகக் காட்டாது. கொதிக்கிற காரின் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. அழுத்தம் குறைந்த நொடியில் கொதிநீர் முகத்தில் பாயும்.

பட்டறையில் முதலில் அழுத்தச் சோதனை கேளுங்கள். இஞ்சின் ஆறியபின், மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை ஏற்றுவார்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஒழுக்கு தெரியாமல் கால்விரிப்பு நனைந்தால் ஹீட்டர்தான்.

பிறகு இரண்டு வழி. டேஷ்போர்டைக் கழற்றிப் புதியது மாற்றலாம். பாகத்தின் விலையைவிடக் கூலி கூடுதலாக இருக்கலாம். அல்லது ஹீட்டருக்குப் போகும் இரு குழாய்களையும் இஞ்சின் அறையிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். குளிர்காலம் இல்லாத ஊரில் இது மோசமான வழி அல்ல. ஆனால் இஞ்சின் சூடேறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்து வெப்பத்தை இறக்கும் பழைய உத்தி அதன்பின் கைகொடுக்காது. கேமரன் மலையில் இரவு குளிர்ந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒழுகலை அடைக்கும் போத்தல் மருந்து வேண்டாம். ஓட்டையோடு சேர்த்து நல்ல வழிகளையும் அது அடைத்துவிடலாம்.

எந்த வழி என்றாலும், குழாய்நீரை ஊற்றாமல் தயாரிப்பாளர் சொன்ன கூலன்டையே நிரப்பி, காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை, இஞ்சின் ஆறியிருக்கும்போது, அளவை மறுபடி பாருங்கள். கால்விரிப்புக்கு அடியில் உள்ள பஞ்சையும் எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் அந்த இனிப்பு வாடை பல வாரம் போகாது.