பாலின் புளிப்பை அளந்தறியும் முறை

பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களே,

நம் சங்கங்களில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. "உமது பால் புளித்துவிட்டது" என்கிறார் குமாஸ்தா. "இப்பொழுதுதானே கறந்து கொண்டுவந்தேன்" என்கிறார் அங்கத்தினர். ஒருவர் மூக்கும் மற்றவர் நாவுமே சாக்ஷிகளாயிருக்குமிடத்தில் நியாயம் கிடைப்பது அரிது. புளித்த பாலை ஏற்றால், காய்ச்சும்போது பாத்திரம் முழுவதும் திரிந்து எல்லாருக்கும் நஷ்டம். நல்ல பாலைத் தள்ளினால், ஒரு குடியானவரின் அன்றைய வரும்படி போயிற்று.

இவ்வழக்கைத் தீர்க்க இரசாயன சாஸ்திரத்தில் ஒரு முறை உண்டு. அதனை டைட்ரேஷன் என்பர். தமிழில் தரம் பார்த்தல் எனலாம். பொன் வெள்ளிகளின் மாற்றைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1830-ஆம் ஆண்டுகளில் பாரிஸ் நகரத்துக் கே-லூஸாக் என்னும் பண்டிதர் வெள்ளியின் மாற்றை இவ்வகையிலேயே, உப்புக் கரைசலை அளந்துவிட்டுக் கண்டார். அளவு தெரியாத பொருளுக்கு, வலிமை தெரிந்த கரைசலைச் சரியீடாகும் வரையில் விட்டு, எவ்வளவு செலவாயிற்று என்று பார்ப்பதே இதன் கருத்து.

ஈடானதை எவ்வாறு அறிவது? ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறது. எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிறது. காரத்தையும் புளிப்பையும் நிறமே காட்டிவிடுகிறது. பாலுக்கு மஞ்சளுக்குப் பதிலாகப் பினாப்தலீன் என்னும் மருந்தை இரண்டு மூன்று சொட்டு விடுகிறோம்.

10 கன சென்டிமீட்டர் பாலை வெண்மையான கிண்ணத்தில் எடுத்து, பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கவேண்டும். வெளிறிய ரோஜா நிறம் அரை நிமிஷம் மாறாது நின்றால் நிறுத்திவிடலாம். அழுத்தமாகச் சிவக்கும் வரையில் விடுவது தவறு. அது பாலுக்குரியவர்மேற் பழி சுமத்துவதாகும். ஒரு லிட்டரில் 4.44 கிராம் காஸ்டிக் சோடா உள்ள கரைசலாயின், செலவான ஒவ்வொரு கன சென்டிமீட்டரும் நூற்றுக்கு 0.1 பங்கு லாக்டிக் அமிலத்திற்குச் சமம்.

அப்பொழுதே கறந்த பசும்பாலும் ஏறக்குறைய 1.3 முதல் 1.7 வரையிற் காட்டும். அது புளிப்பன்று, பாலிலுள்ள கேஸீன், பாஸ்பேட் முதலியவற்றின் இயல்பு. எருமைப்பாலிற் சிறிது மிகலாம். சீம்பாலில் இன்னும் மிகும். 2-க்கு மேற்பட்டால் புளிப்பு ஏறத் தொடங்கியதென்று ஐயுறலாம். 1-க்கும் குறைந்தாலோ, யாரேனும் சோடா கலந்தனரோ என்று விசாரிக்கவேண்டும். ஆயினும் மடிநோய் கண்ட மாட்டின் பாலும் குறைத்துக் காட்டுமாதலால், உடனே திருட்டுப் பட்டம் கட்டிவிடலாகாது. தண்ணீர் கலந்ததை இம்முறையால் துணிய முடியாது; அதற்கு லாக்டோமீட்டர் முதலியன வேண்டும்.

குமாஸ்தாவை நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. காஸ்டிக் சோடாக் கரைசல், புட்டி திறந்து கிடந்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று வலிமை குன்றும். வலிமை குன்றிய கரைசல் அதிகம் செலவாகும். நல்ல பாலும் புளித்ததாகத் தோன்றும். ஆகையால் வாரம் ஒருமுறை அதனையும் பரீட்சிக்கவேண்டும். 7 கிராம் ஆக்ஸாலிக் அமிலப் பளிங்கைக் கரைத்து ஒரு லிட்டராக்கி, அதில் 10 கன சென்டிமீட்டர் எடுத்தால், சரியான கரைசலும் 10 தான் செலவாகவேண்டும். 11 செலவாயின் புதிய கரைசல் தயாரிக்கச் சொல்லுங்கள். இரண்டும் நஞ்சு, வாயால் உறிஞ்சி எடுக்கலாகாது.